தலையாட்டிய கேமரா

எங்கள் ஸ்டூடியோவில் கேமரா அக்கா வந்து சேர்ந்ததற்குக் காரணம், முதலாளியின் மாமியார் வாந்தி எடுத்ததுதான். கேட்பதற்கு விளையாட்டாக இருக்கும். ஆனால் நடந்தது அதுதான்.

டயர் கடைக்கு மேல் மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள். ஒன்றில் நானும் என் கம்ப்யூட்டர்களும். இன்னொன்றில் ஒரு நாற்காலிகூடக் கிடையாது. சுவரில் இடித்துக்கொள்ளாமல் இருக்க நாலு பக்கமும் பழைய மெத்தையைக் கிழித்து ஒட்டியிருந்தோம். வி.ஆர். விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கண்ணை முழுக்க மூடுகிற ஒரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால், ஆள் நிற்பது வெறும் அறை, பார்ப்பது வேறு உலகம். தலையைத் திருப்பினால் அந்த உலகமும் திரும்பும். கையை நீட்டினால் அங்கே ஒரு கை நீளும். ஆடுகிறவருக்கு அது பெரிய சுகம். வெளியே நின்று பார்க்கிறவருக்கோ, ஒரு மனுஷன் காற்றைப் பிசைந்துகொண்டிருக்கிற மாதிரி இருக்கும். அந்த உலகத்துக்குள் நடப்பதைப் பிடித்து, வீட்டில் டி.வி.யிலும் போனிலும் பார்க்கிறவர்களுக்கு லைவாகக் கொடுப்பதுதான் எங்கள் தொழில்.

முதலில் ஆடுகிறவர் கண்ணில் தெரிவதை அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தோம். மனுஷத் தலை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. நம் தலை ஆடுவது நமக்குத் தெரிவதில்லை. அதையே இன்னொருவர் சோபாவில் சாய்ந்துகொண்டு டி.வி.யில் பார்த்தால் குடலைப் பிரட்டும். முதலாளி எங்கள் முதல் நிகழ்ச்சியை வீட்டு ஹாலில் பெருமையாகப் போட்டுக் காட்டியிருக்கிறார். பாதிகூட முடியவில்லை, மாமியார் புது சோபாவிலேயே கொட்டிவிட்டார். மறுநாள் காலை முதலாளி என் முன்னால் வந்து நின்றார்.

"தலை ஆடாத ஒரு ஆளைப் பிடி. எங்க இருந்தாலும் சரி."

விளையாட்டுக்குள் கூடுதலாக ஓர் ஆள் நுழைய வழி உண்டு. அவர் ஆடமாட்டார். கையில் ஒரு கேமராவைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைப் படம் எடுக்கலாம். அவருக்கு அங்கே உடம்பே கிடையாது. ஆடுகிறவர்கள் கண்ணுக்கு, சிவப்பு லைட் வைத்த ஒரு சின்னப் பெட்டி காற்றில் மிதந்து வருவது மட்டும் தெரியும். அந்த வேலைக்குத்தான் ஆள் தேடினோம்.

அக்கா அதற்கு முன்னால் கல்யாண மண்டபங்களில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். சின்ன வயசிலேயே கேமராவைத் தோளில் ஏற்றியவருக்கு நாற்பதைத் தாண்டியதும் தோள்பட்டை மக்கர் பண்ணத் தொடங்கிவிட்டது. இனிமேல் கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டாராம். வேலை கேட்டு வந்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"இதுல கேமரா எவ்வளவு கனம் இருக்கும்?"

"கனமே இல்லம்மா," என்றார் முதலாளி. "அந்தக் கேமராவே நிஜத்துல கிடையாது."

"அப்போ தோள் வலிக்காதுல்ல?"

"வலிக்காது."

"அப்போ சரி, குடுங்க."

முதல் தடவை ஹெட்செட் போடுகிறவர்கள் கத்துவார்கள், சுவரைத் தேடுவார்கள், சிலர் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். அக்கா அசையாமல் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கீழ கடல் தெரியுது. நல்லா இருக்கு. யாரை எடுக்கணும்?" என்று கேட்டார். நான் என் திரையைப் பார்த்தேன். படம் சுவரில் ஆணி அடித்து மாட்டின மாதிரி நின்றது. ஓடிப் போய் முதலாளியைக் கூப்பிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் வேலையைத் தன் வசத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அறையின் நடுவில் ஒரு சின்ன ரப்பர் பாயைப் போட்டார். கண் மூடியிருந்தாலும் தான் எங்கே நிற்கிறோம் என்று உள்ளங்கால் சொல்லிவிடுமாம். ஜன்னல் பக்கம் ஒரு மேஜை ஃபேனை வைத்தார். முகத்தில் காற்று பட்டால் அதுதான் முன்பக்கம். ஒயரைக் காலில் சிக்காமல் கூரைக் கொக்கியில் தொங்கவிட்டார். திரும்பவேண்டும் என்றால் கழுத்தைத் திருப்பமாட்டார், இடுப்பிலிருந்து மெள்ள வருவார். மூச்சைக்கூட அளந்துதான் விடுவார். மாமியார் அம்மாள் ஒரு சனிக்கிழமை முழு நிகழ்ச்சியையும் பார்த்துவிட்டு, "இப்ப எவ்வளவோ தேவலை" என்று சொல்லி அனுப்பினார். அன்று எங்களுக்கெல்லாம் முதலாளி ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.

அக்காவும் அவர் அம்மாவும் மட்டும்தான் வீட்டில். தங்கையைக் கட்டிக்கொடுத்தாயிற்று. அக்கா கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. யாராவது கேட்டால், "ஊர்ல இருக்கிற அத்தனை கல்யாணத்துலயும் நான் இருந்தேன். என் கல்யாணத்துக்கு மட்டும் லீவு கிடைக்கல" என்று சிரித்தபடி சொல்லி, பேச்சை அங்கேயே முடித்துவிடுவார். முட்டிவலிக்கார அம்மா சனிக்கிழமை மதியம் ஆனால் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவார். யார் வந்தாலும் "இது எம் பொண்ணு எடுக்கிறது" என்பார். எங்கே உங்கள் பெண், காணோமே என்று கேட்டால், "அவ காட்டுற இடத்தைத்தானே நாம எல்லாரும் பாத்துட்டு இருக்கோம்" என்பார்.

சனிக்கிழமை நிகழ்ச்சி ஒரு கப்பல் விளையாட்டு. பழைய காலத்து நீராவிக் கப்பல் ஒன்றை நாலு பேர் சேர்ந்து ஓட்டவேண்டும். நாலு பேரும் நாலு ஊர். கீழே பாய்லரில் இரண்டு கல்லூரிப் பையன்கள் கரி அள்ளிப் போடுவார்கள். ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் மேலே ஏறிப் பாறை தெரிகிறதா, புயல் வருகிறதா என்று கத்துவார். சுக்கான் பிடிப்பவர் நாலாவது ஆள். அவரை எல்லோரும் சுக்கான்காரர் என்றுதான் கூப்பிட்டோம். விளையாட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி தொப்பி வைத்த பொம்மை முகம்தான். குரலும், தலையும் கையும் அசைகிற விதமும்தான் ஆளுடையது. சுக்கான்காரர் எதையாவது யோசித்தால் தலையை இடது பக்கமாகக் கொஞ்சம் சாய்ப்பார், காதில் தண்ணீர் போனவர் மாதிரி.

கேமராவுக்கு மைக் கிடையாது. அக்கா பேசினால் அது நிகழ்ச்சியில் விழுந்துவிடும் என்பதால் முதல் நாளே அடைத்துவிட்டோம். அவர்கள் பேசுவது அக்காவுக்குக் கேட்கும். அக்கா பேசுவது யாருக்கும் கேட்காது.

ஒரு சனிக்கிழமை கடல் அமைதியாக இருந்தது. பையன்கள் கீழே இருந்தார்கள், நர்ஸம்மா மேலே இருந்தார். சுக்கான்காரர் தனியாக நின்றுகொண்டு, தன் பக்கத்தில் மிதந்த சிவப்பு லைட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன கேமரா, சாப்டீங்களா?"

கேமராவிடம் யாரும் அதுவரை பேசியது கிடையாது. அக்கா தலையாட்டினார். ஆனால் அங்கே அவருக்குத் தலை ஏது? கையில் இருந்த கேமராதான் கீழும் மேலும் ஆடியது. அதோடு சேர்ந்து கப்பலும் கடலும் வானமும், பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேர் வீட்டு டி.வி.யும் ஒரு முறை கீழே போய் மேலே வந்தன. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். சுக்கான்காரர் சிரித்தார். "சாப்டாச்சா? நல்லது. நான் இன்னும் இல்ல," என்று சொல்லிவிட்டுச் சுக்கானைத் திருப்பினார்.

முதலாளி குதித்தார். "மறுபடியும் எங்க வீட்டு சோபாவை நாசம் பண்ணவா?" ஆனால் கமெண்ட் போட்டவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கேமரா சாப்பிட்டதாம், கேமராக்கு ஒரு வணக்கம், அடுத்த வாரம் கேமராவிடம் தூங்கியதா என்று கேளுங்கள், என்று வரிசையாக வந்தது. முதலாளி கடைசியில் இறங்கி வந்தார். "சரி, வாரத்துக்கு ஒரு தடவை ஆட்டிக்கோங்கம்மா. அதுவும் மெதுவா."

அப்படித்தான் அது வழக்கமானது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கடல் கொஞ்சம் அடங்கும்போது சுக்கான்காரர் கேமராவிடம் பேச்சுக் கொடுப்பார். அவருக்கு ஹைவே ஓரத்தில் லாரி எடைமேடையில் வேலை. நாள் முழுக்க ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். லாரி வரும், மேடையில் ஏறும், நம்பர் விழும், சீட்டைக் கிழித்துக் கொடுப்பார், லாரி போகும். "டிரைவருங்க என் கையைத்தான் பாப்பாங்க, கேமரா. அதுல சீட்டு இருக்கு பாருங்க. மூஞ்சியை யாரும் பாக்கிறதில்ல." வீட்டில் யாரும் இல்லை. "நானே சமைச்சு, நானே உப்பில்லேன்னு குறை சொல்லி, நானே கோவிச்சுக்குவேன்." இப்படிப் பேசிக்கொண்டே போய், கடைசியில் ஆமாம் இல்லை என்று பதில் சொல்லும்படி ஒரு கேள்வி கேட்பார். "உங்க ஊர்ல மழையா?" "என் பேச்சு போரடிக்குதா?" அக்கா தனக்கு அனுமதித்த அந்த ஒரு தலையாட்டலைச் சேர்த்து வைத்திருந்து, சரியான கேள்விக்குக் கொடுப்பார். போரடிக்கிறதா என்பதற்குப் படம் அசையாமல் நின்றது. "அப்பாடா" என்றார் அவர்.

ஒரு நாள் ஹெட்செட்டைத் துடைக்கும்போது பார்த்தேன், முகத்தில் பதிகிற நுரை மெத்தையில் இரண்டு பக்கமும் கறுப்பாக ஒட்டியிருந்தது. கண் மை. அக்கா மை போட்டு நான் பார்த்ததில்லை. அப்புறம்தான் கவனித்தேன். சனிக்கிழமைகளில் மட்டும் இஸ்திரி போட்ட உடை, தலையைப் படிய வாரி, கொஞ்சம் பவுடர். யாருமே பார்க்காத ஓர் அறைக்குள், முகத்தைப் பாதி மூடும் ஒரு பொருளை மாட்டிக்கொள்ள அவ்வளவு அலங்காரம். மெத்தையைத் துடைத்து வைத்தேன்.

படத்திலும் அது தெரிய ஆரம்பித்தது. பாய்லரில் பையன்கள் உயிரைக் கொடுத்துக் கரி அள்ளிக்கொண்டிருக்க, கேமரா மேல்தளத்தில் சுக்கான்காரரின் கைகளைக் காட்டிக்கொண்டிருக்கும். "கேமராக்குச் சுக்கான்காரர் மேல ஒரு கண்ணு" என்று யாரோ கமெண்ட் போட்டார்கள். அதைப் படித்துவிட்டு முதலாளி, மற்றவர்களும் சம்பளம் வாங்காமல்தான் ஆடுகிறார்கள், எல்லோரையும் காட்டுங்கள் என்றார். அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. அன்று சாயங்காலம் ஒயரைச் சுருட்டியபடி என்னிடம் சொன்னார்.

"எனக்கு அவர் மூஞ்சிகூடத் தெரியாதுடா. அது பொம்மை. ஆனா அந்தத் தலையைச் சாய்க்கிறது பொம்மை இல்லையே. எங்கேயோ ஒரு ரூம்ல ஒரு மனுஷன் நிஜமாவே தலையைச் சாய்க்கிறாரு. அதை நான் பக்கத்துல நின்னு பாக்கிறேன்."

மழைக்காலம் முடியும் சமயத்தில் அந்தச் சனிக்கிழமை வந்தது. தீவுகளுக்கு நடுவே கப்பல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. சுக்கான்காரர் வழக்கம்போலப் பேசிக்கொண்டே இருந்தவர், சட்டென்று நிறுத்தினார். தலையைச் சாய்த்தார்.

"அடுத்த மாசம் ஒரு வேலையா உங்க ஊர்ப் பக்கம் வர்றேன் கேமரா. வந்தா உங்களைப் பாக்கலாமா?"

நான் என் திரையைப் பார்த்தேன். அன்று அக்கா ஒரு முறைகூடத் தலையாட்டியிருக்கவில்லை. கமெண்டுகள் பொங்கி வழிந்தன. ஆட்டு, ஆட்டு, ஆட்டு என்று ஊரே கத்தியது. மெத்தை ஒட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றுகொண்டிருந்தார். படம் அசையவில்லை. மூச்சு விடுகிற அசைவுகூட இல்லை. அக்கா மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார் என்று எனக்குப் புரிந்தது.

"சரி சரி, சும்மா கேட்டேன்," என்று சிரித்துவிட்டு அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா வெளியே வந்தார். அவராகவே சொன்னார். "எல்லாரும் பாக்கிறாங்கடா. அம்மா பாக்கிறாங்க. தங்கச்சி வீட்டுக்காரர் பாக்கிறாரு. சுக்கான்காரர்கிட்ட மட்டும் ஆமான்னு சொல்ல எனக்கு வழியே இல்ல. சொன்னா ஊருக்கே சொல்றதாயிடும்."

அடுத்த சனிக்கிழமை சுக்கான்காரர் வரவில்லை. முதலாளி வேறு ஒருவரைப் பிடித்துச் சுக்கானில் நிறுத்தினார். அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அக்கா வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. படம் முன்னைவிட ஆடாமல் வந்தது, அவ்வளவு அழகாக வந்தது. ஆனால் நிகழ்ச்சி இல்லாத நாட்களிலும் அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தார். ஹெட்செட் லென்ஸைச் சரிபார்க்கிறேன் என்பார். நான் என் திரையில் ரகசியமாகப் பார்த்தேன். துறைமுகத்தில் ஆளில்லாத கப்பல் நின்றிருக்கும். மேல்தளத்தில் சுக்கான் தானாக இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆடிக்கொண்டிருக்கும். கேமரா அதன் முன்னால் நின்றுகொண்டே இருக்கும். அந்த மாதிரி நேரத்தில் நான் திரையை அணைத்துவிட்டு டீ குடிக்கக் கீழே போய்விடுவேன்.

முடிச்சை அவிழ்த்தது அக்காவின் அம்மாதான். அதை அம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாராம்.

"ஏன்டி, அந்த சுக்கான் பிடிக்கிறவரு அன்னிக்குப் பாக்கலாமான்னு கேட்டாரே, நீ ஏன் தலையாட்டல?"

அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாராம். "நீ பாத்துட்டு இருந்தியேம்மா."

"நல்லா இருக்குடி! நான் இங்க சோபால உக்காந்து ஆட்டு ஆட்டுன்னு என் தலையை ஆட்டிட்டு இருக்கேன், நீ கல்லு மாதிரி நிக்கிற. எனக்குக் கழுத்து வலியே வந்துடுச்சு."

திங்கட்கிழமை அக்கா என்னிடம் வந்து, அந்த எடைமேடை எங்கே இருக்கிறது என்று முதலாளியிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். கேட்டுச் சொன்னேன். போன் நம்பரும் கொடுத்தேன். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். "போன்ல என் குரலைக் கேட்டா யாருன்னு கேப்பாரு. அதுக்கு நான் என்ன சொல்றது?"

விடிகாலை பஸ் ஏறியிருக்கிறார். உச்சி வெயிலில் போய் இறங்கியிருக்கிறார். ஹைவே ஓரம், கல் குவாரிக்குப் போகும் பாதை பிரிகிற இடத்தில் இரும்பு மேடை, பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த கூண்டு. ஜல்லி ஏற்றின லாரி ஒன்று மேடையில் நின்றிருந்தது. ஜன்னலுக்குள் வழுக்கையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒருவர். நம்பரைப் படிக்கும் முன்னால் தலையை இடது பக்கம் சாய்த்தார். வேறு யாரிடமும் அக்கா விசாரிக்கவேண்டியிருக்கவில்லை.

லாரி இறங்கிப் போனதும் ஜன்னல் அருகே போய் நின்றார். அவர் நிமிராமலே கேட்டார்.

"வண்டி எங்க?"

"வண்டி இல்லைங்க. நான்... கேமரா."

"கேமராவா? போன வாரமே வந்து ரிப்பேர் பண்ணிட்டுப் போய்ட்டாங்களேம்மா. இப்ப நல்லா ஓடுது," என்று மேடைக்கு மேலே கம்பத்தில் இருந்த காவல் கேமராவைக் காட்டினார்.

வேறு வழி தெரியாமல், அக்கா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். கேமராவை ஆட்டும் அதே வேகத்தில், கீழே போய், ஒரு கணம் நின்று, மெள்ள மேலே. சுக்கான்காரர் பேனாவைக் கீழே வைத்தார். சடாரென்று எழுந்ததில் மேலே பலகையில் தலை இடித்துக்கொண்டது.

"கப்பலா?"

"ஆமா."

"நீங்களா?"

கூண்டுக்குள் இருந்த ஒரே ஸ்டூலைக் கைக்குட்டையால் துடைத்துப் போட்டார். பக்கத்துக் கடையில் டீ சொன்னார். மூன்று வாரமாகக் கப்பலுக்கு வராததற்கு அவரே காரணம் சொன்னார். ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் மோதி, அவர் வீட்டுக்குப் போகும் நெட் ஒயர் அறுந்துவிட்டதாம். நெட் ஆள் மட்டும் இன்னும் வந்து சரிபண்ணவே இல்லையாம். அவ்வளவுதான். அக்கா ஒவ்வொரு நாளும் புரண்டு புரண்டு படுத்ததற்கெல்லாம் ஒரு கம்பம்தான் காரணம்.

"நீங்க அன்னிக்குப் பாக்கலாமான்னு கேட்டப்போ நான் தலையாட்டல," என்றார் அக்கா.

"அதுவா? படம் ஆடிடும்னு விட்டுட்டீங்கன்னு நினைச்சேன். எனக்கு அந்த ஸ்டூடியோவைப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. அதான் கேட்டேன்."

அக்கா டீ டம்ளரைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார். "நான் ஒரு பொம்பளைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

சுக்கான்காரர் தலையைச் சாய்த்து யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று அப்போது அக்காவுக்குத் தோன்றியதாம். "தெரியாதுங்க. ஆம்பளைன்னும் நினைக்கல. நான் கேமரான்னுதான் நினைச்சேன்." சொல்லிவிட்டு, அது சரியாக இல்லையே என்று அவருக்கே பட்டிருக்கவேண்டும். "ஆனா ஒண்ணு. வாரம் பூரா இங்க யாரும் என்னைப் பாக்கிறதில்ல. சனிக்கிழமை அந்தச் சிவப்பு லைட்டு என்னைப் பாக்கும். அதுக்காகத்தான் வருவேன். சுக்கானுக்காக இல்ல."

அதற்கு அக்கா பதில் சொல்ல வாயெடுத்தார். வெளியே ஒரு லாரி ஹாரனை அமுக்கிப் பிடித்தது. சுக்கான்காரர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். அதன் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் வரிசை. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலில் எத்தனையோ முறை பார்த்த முதுகு. வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது, காலர் கொஞ்சம் நைந்திருந்தது. தன் கை தன்னையறியாமல் எதையோ பிடித்திருப்பதுபோல மடங்கி உயர்ந்திருப்பதைப் பார்த்து, அக்கா அதை மடியில் இறக்கிக்கொண்டார்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் அவர் கூட வந்தார். கூட என்றால், நாலடி தள்ளி. பஸ் வருவதற்குள் இரண்டு முறை வெயிலைப் பற்றிப் பேசினார். ஏறும்போது, "பாத்துப் போங்க மேடம்" என்றார்.

"மேடம்னு சொன்னாருடா," என்று அக்கா என்னிடம் சொன்னபோது, ஏதோ பெரிய வசவைத் திருப்பிச் சொல்கிறவர் மாதிரி குரல் தாழ்ந்திருந்தது.

ஒயரைச் சரிசெய்ததும் சுக்கான்காரர் கப்பலுக்குத் திரும்பி வந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் சிவப்பு லைட்டைப் பார்த்தார். "வணக்கம் மேடம்" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. உப்பைப் பற்றிப் பேசவில்லை. கடல் அமைதியாக இருக்கும்போது அவரும் அமைதியாக இருந்தார். கேமரா பக்கத்தில் வந்தால் முதுகை நிமிர்த்திக்கொண்டார், பெரிய மனுஷர்கள் முன்னால் நிற்பதுபோல. சுக்கான்காரரின் நாக்கை மீன் தின்றுவிட்டதா என்று கமெண்ட் வந்தது. பெட்டியிடம் எதை வேண்டுமானாலும் சொல்ல முடிந்தவருக்கு, தன் கூண்டில் வந்து டீ குடித்துவிட்டுப் போன ஒரு பெண்ணிடம் எதுவும் சொல்லத் தெரியவில்லை. அக்காவுக்கு அது புரிந்தது. புரிந்ததால் ஏக்கம் குறைந்துவிடுமா?

ஒரு நாள் நான் கேட்டே விட்டேன். "போகாமலே இருந்திருக்கலாம்னு தோணுதாக்கா?"

ஹெட்செட் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "போகாம இருந்திருந்தா இன்னும் கேட்டுட்டு இருப்பாரு, சாப்டீங்களான்னு. நானும் ஆட்டிட்டு இருப்பேன்." மறுபடி துடைத்தார். "ஆனா அந்தக் காலரு நைஞ்சிருந்தது எனக்குத் தெரிஞ்சிருக்காது. எனக்கு இப்ப அதுதான் கண்ணுலயே நிக்குது. யாராவது அதைத் திருப்பித் தைச்சுக் குடுக்கலாம்."

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அப்புறம் அந்த விளையாட்டைச் செய்த கம்பெனியே அதை மூடப்போவதாக அறிவித்தது. குறிப்பிட்ட சனிக்கிழமை சாயங்காலத்தோடு அந்தக் கடல் இருக்காது. கடைசிப் பயணத்தை லைவாகப் போட்டோம். பையன்கள் கரி அள்ளிப் போட்டு முடித்துவிட்டு மேலே வந்து எல்லோருக்கும் டாட்டா காட்டினார்கள். நர்ஸம்மா அழுதுவிட்டார். ஒவ்வொருவராக விடைபெற்று மறைந்தார்கள். மேல்தளத்தில் சுக்கான்காரரும் சிவப்பு லைட்டும்தான் மிச்சம்.

அக்கா அவரைத் தூரத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் சுக்கானிலிருந்து ஓர் ஓரமாக நகர்ந்தார், பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டு. மேடம் என்றும் சொல்லவில்லை, கேமரா என்றும் சொல்லவில்லை.

"இங்கேர்ந்து பாருங்க. நல்லா இருக்கு."

படம் மெள்ள முன்னே போனது. அவர் தோளுக்குப் பக்கத்தில் வந்து, அவரைப் பார்க்காமல், அவர் பார்த்துக்கொண்டிருந்த திசைக்குத் திரும்பி நின்றது. திரையில் வெறும் கடல். வெளிச்சம் தாழ்ந்துகொண்டிருந்தது, அலைகள் வந்துகொண்டே இருந்தன. முதலாளி என் பின்னால் வந்து நின்றார். ஆளைக் காட்டச் சொல்வார் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள், திரை கறுப்பாகும் வரைக்கும்.

அறைக் கதவு திறக்க நேரமாயிற்று. அக்கா வெளியே வந்து, அந்தக் கடைசித் துண்டு மட்டும் தனியாக வேண்டும் என்று கேட்டார். ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அடுத்த நாள் அவர் வீட்டு டி.வி.யில் அதைப் போடத் தெரியவில்லை என்று கூப்பிட்டார், போய்ப் போட்டும் கொடுத்தேன். அம்மா சோபாவில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தார்.

"இதுல என்னடி இருக்கு? ஒரு ஆள்கூட இல்ல. வெறும் தண்ணி."

அக்கா தரையில் அம்மாவின் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பக்கத்துல நிக்கிறாரும்மா," என்றார்.